கடலூர், பாண்டிக்கு எந்த எலெக்ட்ரிக் கார்? காசைப் பேட்டரியில் போடுவதா, அடாஸில் போடுவதா?

எலெக்ட்ரிக் கார் வாங்கலாமா வேண்டாமா என்று கேட்பவர்கள் குறைந்துவிட்டார்கள். மஞ்சக்குப்பம் பக்கம் ஒரு சுற்று வந்தாலே பச்சை நம்பர் பிளேட் கண்ணில் படுகிறது. இப்போது என்னிடம் வரும் கேள்வி வேறு. நடுத்தரமான ஒன்றைப் பதின்மூன்று, பதினான்கு லட்சத்தில் எடுத்து நிறுத்திக்கொள்வதா, இல்லை இன்னும் நாலைந்து லட்சம் போட்டு, தானாகப் பிரேக் போடும், தானாகக் கோட்டுக்குள் ஓடும் என்கிறார்களே, அந்த அடாஸ் வைத்த டாப் மாடலை எடுப்பதா?

என் வீட்டில் நிற்பது அடாஸ் இல்லாத நடுத்தரக் கார். லாஸ்பேட்டையில் இருக்கும் என் மச்சானிடம் இருப்பது பெரிய பேட்டரி, லெவல் 2 அடாஸ், கண்ணாடிக் கூரை என்று எல்லாம் வைத்தது. இரண்டையும் மாற்றி மாற்றி ஓட்டுகிறோம். கம்பெனிப் பெயர்களை எங்கள் அனுபவத்தில் இழுக்கவில்லை, விற்பனையில் இருக்கும் கார்களை ஒப்பிடும் இடத்தில் மட்டும் சொல்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பாதியில் போகிறவர்களுக்கு வசதி: நம் ஊரில் இருப்பவர் பேட்டரிக்காகக் கூடுதலாகச் செலவழிக்கலாம், அதையும் கணக்குப் பார்த்துத்தான். அடாஸுக்காக மட்டும் மேல் வேரியன்ட்டுக்குப் போக வேண்டியதில்லை. ராத்திரியில் அடிக்கடி நான்கு வழிச்சாலையில் தனியாக ஓட்டுகிற ஆளுக்கு மட்டும் இது மாறும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பெனிகள் இரண்டையும் சேர்த்துக் கட்டித்தான் விற்கிறார்கள். ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக் 2025 ஜனவரியில் 17.99 லட்சம் ஷோரூம் விலையில் ஆரம்பித்தது, ஆனால் அடாஸ் வேண்டுமென்றால் அதன் உச்ச வேரியன்ட்டுக்குத்தான் போக வேண்டியிருந்தது. எம்ஜி விண்ட்சரில் முதலில் வந்த 38 யூனிட் பேட்டரி காரில் அடாஸ் கிடையாது, 2025 மே மாதம் வந்த 52.9 யூனிட் விண்ட்சர் ப்ரோவில் உண்டு. நெக்ஸான் இவியிலும் அடாஸ் பிற்பாடு மேல் வேரியன்ட்டில்தான் வந்தது. ஆக, எனக்கு அவசர பிரேக் மட்டும் போதும், சன்ரூஃப் வேண்டாம், காற்று வீசும் சீட் வேண்டாம் என்று கேட்டால் கடையில் பதில் இருக்காது. (யூனிட் என்று நான் சொல்வது கிலோவாட் ஹவரைத்தான். இ.பி. பில்லில் இருக்கும் அதே யூனிட். அப்படிச் சொன்னால்தான் கணக்கு கையில் நிற்கிறது.)

முதலில் தூரம்

கடலூரிலிருந்து பாண்டி இருபத்து சொச்சம் கிலோமீட்டர். தினமும் வேலைக்குப் போய்வந்தாலும், நடுவில் ஜிப்மருக்கோ நேரு வீதிக்கோ ஒரு சுற்று சேர்த்தாலும், ஐம்பது, அறுபது கி.மீ.தான். இதற்கு டியாகோ இவியின் 24 யூனிட் பேட்டரியே தாராளம். ஒரு யூனிட்டுக்கு ஆறிலிருந்து ஏழு கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் மெதுவாக ஓட்டினால் ஏழைத் தாண்டும், ஹைவேயில் நூறில் ஏசியோடு போனால் ஆறுக்கும் கீழே இறங்கும். விளம்பரத்தில் போடும் தூரத்தில் மூன்றில் இரண்டு பங்கிலிருந்து முக்கால் பங்குதான் கையில் வரும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது.

பிரச்சினை சென்னையில் ஆரம்பிக்கிறது. கடலூரிலிருந்து சென்னை சுமார் 185 கி.மீ. 38 யூனிட் பேட்டரி நிதானமாக ஓட்டினால் 230 பக்கம் தரும். போய்ச் சேரலாம், ஆனால் தாம்பரம் நெரிசலில் நிற்கும்போது மீதி எவ்வளவு என்று கண் அடிக்கடி கீழே போகும். 45 யூனிட் என்றால் 270 பக்கம், போய்ச் சேரும்போது எண்பது கி.மீ. மிச்சம் இருக்கும், மனசு லேசாக இருக்கும். சரி, 55 யூனிட்? 330. போய்வர 370 வேண்டும், ஊருக்குள் சுற்றுவது தனி. அதனால் 45ஓ 55ஓ, எப்படியும் அங்கே ஒரு இடத்தில் சார்ஜ் போட்டுத்தான் திரும்ப வேண்டும். நிறுத்தம் ஒன்றுகூடக் குறையவில்லை, பணம் மட்டும் கூடுகிறது. நடுவில் எங்கும் நிற்காமல் போய்வர வேண்டுமானால் மஹிந்திரா பிஇ 6 மாதிரி 79 யூனிட் பேட்டரிக்குப் போக வேண்டும், அது வேறு பட்ஜெட். கடலூர்க்காரருக்கு 38க்கும் 45க்கும் இடையிலான வித்தியாசம் பெரிது, 45க்கும் 55க்கும் இடையில் அவ்வளவு இல்லை என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். பாண்டியில் இருப்பவருக்கு இருபத்து சொச்சம் கி.மீ. குறைவதால் 38 யூனிட்டே ஓரளவு பயமில்லாமல் போகும்.

பாண்டியிலிருந்து பெங்களூர் முந்நூறைத் தாண்டும். திண்டிவனம், செஞ்சி, திருவண்ணாமலை, கிருஷ்ணகிரி வழியாகப் போகிறவர்கள் 45ஐ வைத்துக்கொண்டு ஒரு முறை கட்டாயம் நிற்பார்கள். வேகமான டிசி சார்ஜரில் பத்திலிருந்து எண்பது சதவீதம் ஏற முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம். எண்பதுக்கு மேல் ஆமை வேகம், அதற்காகக் காத்திருப்பது வீண். சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துவிட்டால் இது பெரிய விஷயம் இல்லை. வெள்ளிக்கிழமை சாயந்திரமும் ஞாயிறு மாலையும் மட்டும் விலக்கு. பாண்டிக்கு வந்து திரும்பும் சென்னை, பெங்களூர் வண்டிகள் எல்லாம் அதே சார்ஜரில்தான் வந்து நிற்கும்.

காசுக் கணக்கு, வீட்டில் போடுவதா வெளியில் போடுவதா

இங்கேதான் நிறைய பேர் பாதிக் கணக்கோடு நின்றுவிடுகிறார்கள். தினம் ஐம்பது கி.மீ. ஓடினால் எட்டு யூனிட், சார்ஜில் வீணாகும் பத்து சதவீதத்தையும் சேர்த்தால் ஒன்பது. மாதம் இருபத்தைந்து நாள் என்றால் இரண்டு மாதப் பில்லில் நானூறு யூனிட்டுக்கு மேல் சேரும். ஏற்கெனவே நானூறு ஓடும் வீட்டில் அது எண்ணூறைத் தாண்டும். தமிழ்நாட்டில் 500ஐத் தாண்டியதும் அடுக்கே மாறிவிடும், அதற்கு மேல் வரும் யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல்தான். கார் சேர்த்த யூனிட்டை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் யூனிட்டுக்கு ஒன்பது ரூபாய் பக்கம் விழுகிறது. முதல் நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் இந்தக் கணக்கில் காணாமல் போய்விடும்.

அப்படி விழுந்தும் கி.மீ.க்கு ஒன்றரை, ஒன்றே முக்கால் ரூபாய்தான். லிட்டருக்குப் பதினைந்து கொடுக்கும் பெட்ரோல் கார் ஆறரை ரூபாய் தின்னும். முள்ளோடை தாண்டிப் போய்ப் பாண்டி பங்க்கில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் மிச்சம் பிடித்தாலும் ஆறைத் தாண்டுகிறது. மாதம் 1,250 கி.மீ. ஓடுகிறவருக்கு ஐயாயிரத்துக்கு மேல் மிச்சம். பாண்டி வீட்டுக்காரர்களுக்குக் கட்டண அடுக்கே வேறு, பில்லும் மாதாமாதம் என்பதால் அவர்கள் தங்கள் பில்லை வைத்துத் தனியாகப் போட்டுப் பார்க்க வேண்டும். கடலூரில் மாடி சொந்தமாக இருந்தால் சோலார் கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். 3 கிலோவாட் பலகை நல்ல வெயிலில் நாளைக்குச் சுமார் பன்னிரண்டு யூனிட் தரும், மத்திய அரசின் சூர்ய கர் திட்டத்தில் அதற்கு 78,000 ரூபாய் மானியம் என்று 2024இல் அறிவித்தார்கள். வெயிலுக்கு நம் ஊரில் என்ன பஞ்சம்.

வெளி சார்ஜரை மட்டும் நம்பினால் கதை மாறும். டிசி சார்ஜரில் யூனிட் இருபது ரூபாய்க்கு மேல் போவது சாதாரணம், 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும். கி.மீ.க்கு மூன்றரை, நாலு ரூபாய் ஆகிவிடும். பெட்ரோலை விடக் குறைவுதான், ஆனால் இவ்வளவு விலை கொடுத்துக் கார் வாங்கி அந்த வித்தியாசத்தை எடுக்க எத்தனை வருஷம் ஆகும் என்று யோசியுங்கள். பாண்டி நகருக்குள், மிஷன் வீதிப் பக்கம், தெருவில் கார் நிறுத்துகிறவர்கள், அசோசியேஷன் சம்மதிக்காத அபார்ட்மென்ட்டில் இருப்பவர்கள், இவர்களிடம் நான் இப்போதைக்கு வேண்டாம் என்றே சொல்கிறேன். வீட்டு வாசலில் ஒரு 15 ஆம்பியர் பிளக் இல்லாமல் எந்த பேட்டரி பெரிது என்று பேசுவதில் பொருள் இல்லை.

அந்த பிளக் போதுமா என்று கேட்பார்கள். போதும். 3.3 கிலோவாட்டில் ஒன்பது யூனிட் ஏற மூன்று மணி நேரம்கூட ஆகாது. 7.2 கிலோவாட் சுவர்ப்பெட்டி பெரிய பேட்டரிக்குத்தான் தேவை, அதற்கு லோடை உயர்த்தச் சொல்லி இ.பி. ஆபீஸில் எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கும். எர்த்திங்கில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். தேவனாம்பட்டினம், ஓல்டு டவுன், வைத்திக்குப்பம் மாதிரி கடலோரத்தில் உப்பு மண் எர்த் பைப்பைச் சீக்கிரம் தின்றுவிடும். எர்த் சரியில்லை என்றால் சார்ஜர் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிடும், கார்க்காரன் எலெக்ட்ரீஷியனைக் கைகாட்டுவான், எலெக்ட்ரீஷியன் கார்க்காரனைக் கைகாட்டுவான்.

பேட்டரியை வாடகைக்கு எடுக்கும் திட்டத்தைப் பற்றி ஒரு வரி. விண்ட்சர் 2024 செப்டம்பரில் வந்தபோது காருக்கு 9.99 லட்சம், ஓடும் ஒவ்வொரு கி.மீ.க்கும் மூன்றரை ரூபாய் என்று ஒரு வழி வைத்தார்கள். குறைவாக ஓட்டுகிறவருக்கு அது சரி. தினம் பாண்டி போய்வருகிறவருக்கு அந்த மூன்றரையோடு கரன்ட் ஒன்றரையும் சேர்ந்து ஐந்து ஆகிவிடும். மிச்சம் பிடிப்பதில் பெரும்பகுதி அங்கேயே போய்விடும்.

அடாஸ் எங்கே உதவுகிறது, எங்கே தொல்லை

முன் கண்ணாடியில் உள்கண்ணாடிக்குப் பின்னால் ஒரு கேமரா, முன்பக்கத்தில் லோகோவுக்குப் பின்னாலோ பம்பருக்குள்ளோ ஒரு ரேடார், நல்ல மாடல்களில் பின் பம்பர் மூலைகளில் இன்னும் இரண்டு ரேடார். இவை பார்ப்பதை வைத்துக் கார் பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் தொடுகிறது. லெவல் 2 என்பதற்கு இவ்வளவுதான் பொருள்: வேகத்தையும் திசையையும் ஒரே நேரத்தில் பார்த்துக்கொள்ளும், பொறுப்பு ஓட்டுநருடையது. கை ஸ்டியரிங்கில் இருந்தே ஆக வேண்டும். தானாக ஓடும் கார் என்று ஷோரூமில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

உதவும் இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், நியாயமாக இருக்கும். பாண்டி–திண்டிவனம் சாலை, அதற்கு மேல் சென்னை வரை, விழுப்புரம்–நாகப்பட்டினம் நான்கு வழிச்சாலையில் முடிந்த பகுதிகள், இங்கெல்லாம் அடாப்டிவ் க்ரூஸ் அருமை. எண்பத்தைந்தில் வைத்துவிட்டால் முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு, அது மெதுவானால் தானும் மெதுவாகி, அது போனால் தானும் போகும். எலெக்ட்ரிக் காரில் இந்த மெதுவாவது பெரும்பாலும் ரீஜெனிலேயே, அதாவது மோட்டாரே காரை இழுத்துப் பிடித்துக் கரன்ட் எடுப்பதிலேயே, நடப்பதால் குலுக்கலே இருக்காது, பேட்டரிக்கும் கொஞ்சம் திரும்பி வரும். செங்கல்பட்டிலிருந்து தாம்பரம் வரை ஊர்ந்து போகும் நெரிசலில், நின்று நின்று தானே கிளம்பும் வசதி இருந்தால் வலது காலுக்கு விடுதலை. இதில் மச்சான் காரை விட்டுக்கொடுக்க எனக்கு மனசில்லை.

அப்புறம் நம் ஊர்ச் சாலை. அரியாங்குப்பம், தவளக்குப்பம், கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி. இந்தப் பட்டியலைப் படிக்கும்போதே உங்களுக்குத் தெரிந்திருக்கும். க்ரூஸ் போட்டு முன்னால் இடைவெளி விட்டால் அந்த இடைவெளி உங்களுடையது என்று இங்கே யாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு பைக் நுழையும், கார் பிரேக் போடும், திரும்ப இடைவெளி விடும், அதில் ஷேர் ஆட்டோ நுழையும். பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் டவுன் பஸ்காரனுக்கு நாம் எதற்குப் பிரேக் போடுகிறோம் என்றே புரியாது, ஹாரன் அடித்தே கொன்றுவிடுவான். அவசர பிரேக் எச்சரிக்கையும் இப்படித்தான். வண்டிக்குக் குறுக்கே கைகாட்டிவிட்டு நடந்து போவது நமக்கு வழக்கம், காருக்கு அது விபத்து. பீப், பீப், சில சமயம் ஒரு வெட்டுப் பிரேக். என் அம்மா ஒரு முறை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். ஸ்டியரிங் தானாக லேசாக அசைந்ததைப் பார்த்துவிட்டு, "ஏன்டா, வண்டிக்கு ஏதாவது புடிச்சிருக்கா?" என்றார். அதற்குப் பிறகு அந்தக் காரில் பின்சீட்டுதான்.

கோட்டுக்குள் வைத்திருக்கும் லேன் கீப்பை நான் இசிஆரில் அணைத்துவிடுவேன். கோடு தெரிந்தால்தான் அது வேலை செய்யும், பெரும்பாலும் அறுபதுக்கு மேல்தான் விழிக்கும். மாமல்லபுரத்துக்கும் பாண்டிக்கும் இடையில் அகலப்படுத்தும் வேலை நடக்கும் இடங்களில் பழைய கோடும் புதுக் கோடும் சேர்ந்தே கிடக்கும். எதிரே லாரி வருகிறது, ஓரமாக ஒதுங்குவோம் என்று இடதுபக்கக் கோட்டைத் தொட்டால் கார் திரும்ப நடுவுக்குத் தள்ளும். இண்டிகேட்டர் போட்டால் தள்ளாது என்பார்கள். ஒதுங்குவதற்கெல்லாம் இண்டிகேட்டர் போடும் பழக்கம் எத்தனை பேருக்கு இருக்கிறது?

இதைவிட முக்கியமானது, இது பார்க்காதவை. நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர் டிரெய்லர் ராத்திரியில் பின்விளக்கே இல்லாமல் ஓரத்தில் நின்றிருக்கும். வேகமாகப் போகும்போது எதிரே அசையாமல் நிற்கும் வண்டியை அடையாளம் காண்பது இந்த ரேடார்களுக்கே பலவீனமான இடம், கார்க் கையேட்டிலேயே எச்சரித்திருப்பார்கள். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் பக்கம் அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல்லையும் உளுந்தையும் காயப்போட்டு, சுற்றிக் கல்லை வைத்திருப்பார்கள். மழைக் காலத்தில் ராத்திரி சாலைச் சூட்டுக்கு மாடுகள் நடுவில் படுத்திருக்கும். வர்ணம் போன வேகத்தடை. இவற்றில் எதையும் நம்பி அடாஸிடம் விட முடியாது. பெரும்பாலான கார்களின் அவசர பிரேக் கார், பைக், நடந்துபோகும் ஆள் இவற்றுக்காகத் தயாரானது. குறைந்த வேகத்தில் முழுதாக நிறுத்தலாம், அதிக வேகத்தில் மோதும் வேகத்தைக் குறைக்கத்தான் முடியும். குறைப்பதே பெரிது, அதை நான் மறுக்கவில்லை.

எனக்கு உண்மையில் பிடித்தவை பின்பக்க ரேடார் தரும் இரண்டும்தான். பக்கவாட்டுக் கண்ணாடியில் எரியும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, ரிவர்ஸ் எடுக்கும்போது குறுக்கே வருவதைச் சொல்லும் எச்சரிக்கை. இடதுபக்கம் புகுந்து வரும் பைக்குகள் உள்ள ஊரில் முதலாவது தினமும் உதவும். காந்தி வீதி ஞாயிறு சந்தைப் பக்கம் பார்க்கிங்கிலிருந்து ரிவர்ஸில் வெளியே வந்தவர்களுக்கு இரண்டாவதின் அருமை தெரியும். இவை ஸ்டியரிங்கையும் பிடிக்காது, சத்தமும் கம்மி. மச்சானும் கடைசியில் இந்த இரண்டையும் அவசர பிரேக்கையும் விட்டுவிட்டு மீதியை ஊருக்குள் அணைத்துத்தான் ஓட்டுகிறார். ஆனால் சில கார்களில் ஒவ்வொரு முறை ஸ்டார்ட் செய்யும்போதும் எல்லாம் திரும்ப விழித்துக்கொள்ளும், திரையில் மூன்று பக்கம் போய் மறுபடி அணைக்க வேண்டும். இதை வாங்கும் முன் பாருங்கள், வாங்கிய பிறகு இதுதான் தினசரித் தலைவலி.

ஒரு வேடிக்கை. ஆயுத பூஜைக்குக் காரின் முன்னால் வாழைக்கன்று கட்டி, லோகோவில் சந்தனம் பூசி, பெரிய மாலையையும் போட்டால் ரேடாரின் கண் மறைந்துவிடும், முன் சென்சார் அடைபட்டது என்று திரை கத்தும். கேமராவுக்கு நேரே முருகன் துணை ஸ்டிக்கரும் கூடாது. முருகனைக் கொஞ்சம் ஓரமாகக் குடிவைக்க வேண்டியதுதான்.

செலவும் இருக்கிறது. முன் கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்ப அளவுசெய்து பொருத்த வேண்டும். பின் பம்பரில் கோடு விழுந்து, தெருவோரப் பட்டறையில் பட்டி பார்த்துத் தடிமனாகப் பெயின்ட் அடித்தால் உள்ளே இருக்கும் ரேடார் தடுமாறலாம். அந்த அளவுவேலை செய்யும் வசதி கடலூர், பாண்டி சர்வீஸ் சென்டரிலேயே இருக்கிறதா, இல்லை சென்னைக்கு அனுப்புவார்களா என்று வாய்வார்த்தையாக இல்லாமல் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

புயல் ஊருக்கு வேறொன்று

அடாஸுக்கு ஆசைப்படுகிறவர்கள் கவனிக்காத வசதி ஒன்று உண்டு: காரின் பேட்டரியிலிருந்து வீட்டுச் சாமான்களை ஓட்டும் வீ-டூ-எல். கிரெட்டா எலெக்ட்ரிக், நெக்ஸான் இவி, விண்ட்சர் ப்ரோ போன்றவற்றில் இது கிடைக்கிறது, எந்த வேரியன்ட்டில் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். 2011 டிசம்பர் 30 தானே புயலுக்குப் பிறகு கரன்ட் இல்லாமல் கிடந்த நாட்களைக் கடலூரில் யாரும் மறக்கவில்லை. ஒரு ஃபிரிட்ஜ், நாலு ஃபேன், விளக்கு, போன் சார்ஜ் என்று நாளைக்கு ஐந்து யூனிட் போதும். 45 யூனிட் நிறைந்து நிற்கும் கார் ஒரு வாரம் தாங்கும். லேன் கீப்புக்குக் கொடுக்கும் காசை இதற்குக் கொடுக்க நான் தயார்.

தண்ணீர் வேறு விஷயம். பேட்டரிப் பெட்டி ஐபி67 என்று போட்டிருப்பார்கள், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்ற சோதனை அது. 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் பாண்டித் தெருக்களில் தண்ணீர் நின்றது அரை மணி நேரம் இல்லை. இரண்டு நாள் கழித்துச் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்க் கரையோரத்தை மூழ்கடித்ததும் அப்படித்தான். பேட்டரி தப்பினாலும் கனெக்டர், வயரிங், சீட்டுக்கு அடியில் உள்ள கம்ப்யூட்டர் எல்லாம் தப்பும் என்று சொல்ல முடியாது. தண்ணீரில் நின்ற காரை சார்ஜில் போடாதீர்கள், ஸ்டார்ட்டும் செய்யாதீர்கள், இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். எச்சரிக்கை வந்ததும் நூறு சதவீதம் ஏற்றி மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்திவிடுவது எங்கள் வீட்டு வழக்கம்.

எது யாருக்கு

வீட்டில் ஏற்கெனவே பெட்ரோல் கார் ஒன்று ஓடுகிறது, இது கடலூர்–பாண்டி தினசரிக்கு மட்டும் என்றால் டியாகோ இவி, பஞ்ச் இவி அளவிலான சின்ன பேட்டரி. மேலே யோசிக்கவே வேண்டாம், சென்னைக்குப் பழைய காரையோ பஸ்ஸையோ எடுங்கள்.

ஒரே கார், மாதம் ஓரிரு முறை வெளியூர் என்றால் 45 யூனிட் அளவு, நடு வேரியன்ட், வீ-டூ-எல் இருந்தால் நல்லது. கடலூர்க்காரர்களில் பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் நிற்பார்கள். மிச்சமாகும் இரண்டு மூன்று லட்சத்தில் மாடியில் சோலார் போடலாம். பாதுகாப்புக்கு அடாஸ் வேண்டாமா என்றால், நெக்ஸான் இவியும் பஞ்ச் இவியும் 2024இல் பாரத் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியபோது அவற்றில் அடாஸ் கிடையாது. உடம்பு பலமான கார், ஆறு ஏர்பேக், பின்சீட்டிலும் பெல்ட் போடும் பழக்கம், இந்த மூன்றுக்கும் பிறகுதான் ரேடார்.

ராத்திரியில் தனியாகச் சென்னை, திருச்சி, பெங்களூர் என்று ஓட்டுகிறவர், வேலை அப்படி என்பவர், வயதாகிக் கழுத்தைத் திருப்பிப் பார்க்கச் சிரமப்படுகிறவர், இவர்கள் பெரிய பேட்டரியும் அடாஸும் சேர்ந்த காரைத் தயங்காமல் எடுக்கலாம். தூக்கக் கலக்கத்தில் கோடு தாண்டும்போது தட்டி எழுப்பும் ஒரு எச்சரிக்கைக்கே அந்தக் காசு தகும். ஓரத்தில் நின்ற லாரியா, தூங்கிய ஓட்டுநரா என்று விசாரிக்கும் செய்திகள் திண்டிவனம் சாலையிலிருந்து வராத மாதம் இல்லை.

இன்னும் இரண்டு வருஷம் பொறுத்தால் அடாஸ் கீழ் வேரியன்ட்டுக்கும் இறங்கிவிடாதா என்று கேட்பவர்களுக்கு, இறங்கும், இறங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் தினம் ஐம்பது கி.மீ. ஓடுகிறவர் இரண்டு வருஷம் காத்திருந்தால் ஒரு லட்சத்துக்கு மேல் பெட்ரோலில் போயிருக்கும். குறைவாக ஓட்டுகிறவர் காத்திருக்கலாம், நஷ்டமில்லை.

டெஸ்ட் டிரைவுக்கு ஷோரூம் பையன் உங்களை நல்ல அகலமான சாலைக்குத்தான் கூட்டிப்போவான். அங்கே எல்லாக் காரும் நன்றாகத்தான் ஓடும். சாயந்திரம் ஆறு மணிக்கு அரியாங்குப்பம் வழியாக ஓட்டக் கேளுங்கள். எச்சரிக்கைகளை அணைக்க எத்தனை தட்டு தட்ட வேண்டும், பீப் சத்தத்தைக் குறைக்க முடிகிறதா, பைக் குறுக்கே வரும்போது எவ்வளவு கடுமையாகப் பிரேக் பிடிக்கிறது, பின்னால் வருகிறவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வீட்டில் அதிகம் ஓட்டப்போவது யாரோ அவரும் கூட வர வேண்டும். அப்படியே வீட்டு வாசல் வரை கொண்டுவந்து உங்கள் பிளக்கிலேயே பத்து நிமிஷம் சார்ஜ் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாத ஷோரூம் என்றால் பாண்டியில் அடுத்த ஷோரூம் ரொம்பத் தூரத்தில் இல்லை.